பசி இல்லை, பச்சை

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் அட்டைக்கு இரண்டு ஆயுள். டிசம்பர் 31 வரைக்கும் முன்பக்கம்; நகைக்கடைக்காரர் முருகனைப் போட்டுக் கொடுத்திருந்தால் முருகன், லட்சுமியைப் போட்டிருந்தால் லட்சுமி. தாளெல்லாம் கிழித்து முடிந்ததும் அட்டையைத் திருப்பி, வெள்ளைத்தாள் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் மேலே 12 உயிரெழுத்து, கீழே 18 மெய்யெழுத்து, வலது ஓரத்தில் ‘ஆமா’, ‘இல்ல’, ‘தப்பு’ என்று மூன்று கட்டம். பழைய அட்டை அதற்குள் எச்சில் பட்டு, முனை மடங்கி, பாதி எழுத்து அழிந்துபோயிருக்கும், சரியாகப் புதுசு வந்துவிடும். என் அண்ணன் பேசுவது அந்த அட்டையில்தான்.

அண்ணனுக்கு செரிப்ரல் பால்சி. பத்திரிகைகளில் மூளை முடக்குவாதம் என்று எழுதுகிறார்கள், எங்கள் வீட்டில் வெறும் ‘சிபி’. பிரசவத்தின்போது மூளையில் பட்ட அடி. அது நாளாக ஆகக் கூடுகிற வியாதி இல்லை, ஆனால் கைக்கும் காலுக்கும் நாக்குக்கும் போகிற உத்தரவு வழியிலேயே குழம்பிவிடும். காது கேட்கும், கண் தெரியும், கணக்கில் என்னைவிடக் கெட்டி. பேச்சுதான் வராது, சத்தம் வரும், அது அம்மாவுக்கு மட்டும் பேச்சாகக் கேட்கும். படிக்கக் கற்றுக்கொண்டது தினத்தந்தி தலைப்புகளில். அம்மா தரையில் பேப்பரை விரித்து ஒவ்வொரு எழுத்தாக விரலை வைப்பாள், அவன் கண்ணால் தொடர்வான். நான் அ, ஆ எழுதப் பழகிய வயதில் அவன் கொலைச் செய்தியெல்லாம் படித்துக்கொண்டிருந்தான்.

தமிழுக்கு 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அதை ஒரு காலண்டர் அட்டையில் அடைத்துப் பார்த்தால் தெரியும் கஷ்டம். நல்லவேளை, 30 போதும். க் தொட்டு ஆ தொட்டால் கா. மடக்கிய இடதுகை விரல் முட்டியை அவன் அட்டைக்கு மேலே கொண்டுவருவான், அது தானாகத் துள்ளும், பக்கத்து எழுத்தில் போய் விழும், ‘தப்பு’ கட்டத்தைத் தட்டுவான், திரும்ப வருவான். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் ஆகலாம், மூன்று நிமிடமும் ஆகலாம். அத்தனை நேரம் பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுமை இருக்குமா? இருக்காது. ஊகித்துவிடுவோம். பாதிச் சொல்லிலேயே மீதியை நாமே சொல்லி, சரியா என்று கேட்போம். நேரம் மிச்சம், அவனுக்கும் கை வலி மிச்சம்.

ஒருநாள் அத்தை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். அண்ணன் ப் தொட்டான், அ தொட்டான், ச் தொட்டான். “பசிக்குதாடா? இப்பத்தானே நாலு இட்லி சாப்பிட்டே” என்று அம்மா உள்ளே ஓடினாள். அவன் ‘இல்ல’ கட்டத்தைத் தட்டிய சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தட்டில் இட்லியோடு வந்தாள். மறுபடி ப், அ, ச். “அதான் கொண்டாந்துட்டேனே.” வாயில் ஒரு துண்டு வைத்தாள். அவன் துப்பினான். வெளியே வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், அப்பா கத்துகிறார், அம்மா கண்ணில் தண்ணீர், புடவையில் சட்னி. கடைசியில் நான் போய் அவன் கையைப் பிடிக்காமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். ப், அ, ச், ச், ஐ. பச்சை. நீலச் சட்டையை மாட்டிவிட்டிருந்தோம், அவனுக்குப் பச்சைச் சட்டை வேண்டுமாம். அவ்வளவுதான் விஷயம்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷம் ஆகிறது, மறந்தும் போயிருந்தேன். ஞாபகப்படுத்தியது ஒரு அமெரிக்கத் தொடர், பெயர் ‘ஸ்பீச்லெஸ்’. ஏபிசி சேனலில் 2016 செப்டம்பரில் ஆரம்பித்து 2019 ஏப்ரலில் முடிந்தது, 3 சீசன், 63 எபிசோடு. ஒரு அம்மா, மாயா டிமியோ. அவளுடைய மூத்த பையன் ஜேஜே, பதின்வயது, சிபி, சக்கர நாற்காலி, பேச்சு இல்லை. நாற்காலியில் ஒரு பலகை இருக்கும், தலையில் மாட்டிய லேசரின் சிவப்புப் புள்ளியை எழுத்தின் மேலும் சொல்லின் மேலும் நிறுத்துவான், பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். 2020 லாக்டவுனில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு முழுக்கப் பார்த்தோம், நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல.

சீரியல் என்றதும் நம் ஊர் கணக்கில் நினைத்துவிடாதீர்கள். இது சிரிப்புத் தொடர். நம் தொலைக்காட்சியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை வந்தால் கூடவே ஒரு புல்லாங்குழலோ வயலினோ வரும், அம்மா சாமி படத்துக்கு முன் நிற்பாள், கேமரா மூன்று தடவை அவள் முகத்துக்குப் போகும், 200 எபிசோடு கழித்துப் பிள்ளை எழுந்து நடந்துவிடும். அண்ணனுக்கு அந்தக் காட்சிகள் பிடிக்கும், ஏனென்றால் அவனால் சிரிப்பை அடக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, அப்படி ஒரு எபிசோடு பார்த்த மறுநாள் காலையில் வந்து, “உன் புள்ளையும் எந்திரிச்சிருவான் பாரேன்” என்று அம்மாவிடம் விபூதி கொடுத்துவிட்டுப் போனார். அம்மா வாங்கிப் பூசினாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்ன.

முதலில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது கதை இல்லை, எபிசோடுகளின் தலைப்புகள். ஒரு தொடரின் முதல் எபிசோடைப் பைலட் என்பார்கள், அதனால் அதற்கு ‘பி-ஐ-பைலட்’ என்று பெயர். இரண்டாவது ‘என்-இ-நியூ ஏ-ஐ-எய்ட்’, அதாவது புது உதவியாளர். பார்த்தவுடன் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது வேறொன்றுமில்லை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இரண்டு எழுத்து காட்டினதும் பக்கத்தில் இருப்பவர் ஊகித்து முழுச் சொல்லையும் சொல்கிறாரே, அந்த ஊகத்தை அப்படியே தலைப்பாக்கிவிட்டார்கள். இப்படி ஒரு வீட்டில் வளராத ஆளுக்கு இது தோன்றாது என்று நினைத்தேன், தேடிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. தொடரை உருவாக்கிய ஸ்காட் சில்வேரி ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர், அவருடைய சகோதரருக்கு சிபி. ஆக இதைச் சொல்வது அம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதே கூடத்தின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளை.

ஜேஜேவாக நடித்த மைக்கா ஃபௌலருக்கு நிஜமாகவே சிபி, ஆனால் அவர் பேசுவார். பேச முடிந்தவர் பேசாதவராக நடித்திருக்கிறார் என்பதால், கண்ணையும் புருவத்தையும் வைத்து அவர் அடிக்கிற நக்கலை நடிப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ‘பாவம், அவரே அப்படித்தானே’ என்று தாண்டிப் போக முடியாது. இது சாதாரண விஷயம் இல்லை. 2016இல் ரூடர்மன் அறக்கட்டளை வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் ஊனமுற்ற பாத்திரங்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஊனம் இல்லாத நடிகர்களே நடிக்கிறார்கள் என்றது. நம் ஊரில் யாரும் எண்ணிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. எண்ணவும் வேண்டியதில்லை, விருது மேடைகளைப் பார்த்தாலே போதும்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். மினி டிரைவர் நடித்த மாயா, நம் ஊர் கணக்குப்படி நல்ல அம்மாவே கிடையாது. கத்துவாள், மிரட்டுவாள், வேனைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவாள், காரியம் ஆக வேண்டும் என்றால் பையனின் நாற்காலியையே ஆயுதமாக முன்னால் தள்ளுவாள். முதல் எபிசோடில் கலிபோர்னியாவில் ஒரு வசதியான ஊரில், ஜேஜேவுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கிறதே என்பதற்காக, அந்தப் பகுதியிலேயே மோசமான வீட்டுக்குக் குடிவருகிறார்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் சரிவுப்பாதை எங்கே என்று கேட்டால், குப்பையைக் கொண்டுபோகிற வழியைக் காட்டுகிறார்கள். அதுதான் ராம்ப்பாம், இரண்டுக்கும் சேர்த்து. என் பிள்ளை குப்பையா என்று மாயா பிடித்துக்கொள்கிறாள் பாருங்கள், நான் மொழிபெயர்க்கவே இல்லை, அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “நல்லா கேளுடி” என்றாள் ஸ்கிரீனைப் பார்த்து.

அம்மா அப்படிக் கேட்டதில்லை, அதனால்தான். 1985இல் அண்ணனுக்கு ஆறு வயது, உறையூரிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினாராம். “மத்த புள்ளைங்க பயந்துரும்மா, நீங்களே யோசிச்சுப் பாருங்க.” அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, இடுப்பை மாற்றிக்கொண்டு, திரும்பி நடந்து வந்தாள். இன்னொரு பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள், மாடியில் மூன்றாம் வகுப்பு, இரண்டு வருஷம் தூக்கிக்கொண்டு ஏறினாள், நான்காம் வகுப்பில் அவன் கனத்துவிட்டான், நின்றுபோனது.

மாயாவுக்கு வாய் இருந்தது, அம்மாவுக்கு இல்லை என்று இதைச் சொன்னால் அது அநியாயம். மாயாவின் வாய்க்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம், அந்தந்தப் பிள்ளைக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று பெற்றோரையும் கூட்டி உட்கார வைத்து எழுதித் தரும் திட்டம், இதெல்லாம் அமெரிக்காவில் 1975லேயே சட்டமாகிவிட்டது. ராம்ப் போன்ற வசதிகளுக்கு 1990இல் இன்னொரு பெரிய சட்டம். அவள் கத்தும்போது தலைமையாசிரியர் முகம் வெளுப்பது வழக்குக்குப் பயந்து. இங்கே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான முதல் தனிச்சட்டமே 1995இல்தான் வந்தது, அப்போது அண்ணனுக்கு 16 வயது, பள்ளிக்கூடக் கதை முடிந்து பல வருஷம். 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று எழுதிய பெரிய சட்டம் 2016 டிசம்பரில் வந்தது, இந்தத் தொடர் அங்கே ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே வருஷம். 1985இல் அம்மா எதைக் காட்டிக் கத்தியிருக்க முடியும்? அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், அவர் கத்தவில்லை, சைக்கிள் சக்கரம் இரண்டை வைத்து ஒரு நாற்காலியை வெல்டிங் பண்ணிக் கொண்டுவந்தார். பெயின்ட் மட்டும் ரயில் பெட்டி நிறத்தில் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அதே முதல் எபிசோடில் இன்னொரு காட்சி. ஜேஜே வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று கைதட்டுகிறது. பையன் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை, கதவைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார், அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். ஊனமுற்றவர் சும்மா இருப்பதையே சாதனையாக்கி, அதைப் பார்த்து மற்றவர்கள் உற்சாகம் ஏற்றிக்கொள்கிற இந்த வழக்கத்தை ‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’ என்று 2012இல் எழுதினார். அந்தச் சொல்லையே எடுத்து இந்தத் தொடரில் ஒரு எபிசோடில் கிழித்திருக்கிறார்கள்.

நமக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை, காசு போடுவோம். சமயபுரத்தில் ஒருமுறை அம்மா தேங்காய் வாங்கப் போயிருந்தாள், அண்ணன் நாற்காலியில், நான் பக்கத்தில். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் வந்து அவன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்துவிட்டுப் போனார். அம்மா திரும்பி வந்து பார்த்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள், கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள், உண்டியலில் போடப் போனாள். அண்ணன் சத்தம் போட்டான். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஐ, ச். நம் 30 எழுத்தில் ஸ் கிடையாது, அதனால் ச். ஐஸ் வாங்கித் தரச் சொன்னான். அம்மாவுக்கு அவமானம், அவனுக்கு ஐஸ்கிரீம். இரண்டு பேரும் ஒரே பத்து ரூபாயைத்தான் பார்த்தார்கள். கடைசியில் மூன்று பேரும் குச்சி ஐஸ் சாப்பிட்டோம். அம்மா மட்டும் பஸ் வரும்வரைக்கும் பேசவில்லை.

தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தது குரல் தேர்வு செய்கிற இடம். ஜேஜே பலகையில் காட்டுவதை வாய்விட்டுச் சொல்ல பள்ளி ஒரு உதவியாளரைப் போடுகிறது, தேன் குழைத்த கீச்சுக்குரல் பெண் ஒருவர். பதின்வயதுப் பையன் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துபவரின் குரலில் வெளியே வருகிறது. அவனுக்கு அது வேண்டாம். பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற கென்னத்தின் கனத்த குரல் அவனுக்குப் பிடிக்கிறது, அந்தக் குரல்தான் வேண்டும் என்கிறான். கென்னத் கறுப்பினத்தவர், செட்ரிக் யார்பரோ நடித்தார். அதை வைத்துத் தொடர் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறது, அதை விடுங்கள். எனக்குத் தைத்தது வேறு. என் அண்ணன் நாற்பது வருஷமாக ஒரு பெண் குரலில், அதுவும் தன் அம்மா குரலில் பேசிக்கொண்டிருக்கிறான். “அவன் என்ன சொல்றான்னா...” என்று அம்மா ஆரம்பிப்பாள். டாக்டரிடம், முடிவெட்டுகிறவரிடம், கிரிக்கெட் பேச வந்த என் நண்பர்களிடம். அவன் ஒரு கெட்ட வார்த்தை காட்டினால் அம்மா அதை “கோபமா இருக்கான்” என்று மாற்றிவிடுவாள். முழுக்க முழுக்கத் தணிக்கை. என் நண்பர்கள் யாருக்கும் அண்ணன் எவ்வளவு மோசமாகப் பேசுவான் என்று தெரியாது. கேட்டால் நம்ப மாட்டார்கள்.

அவனுக்கென்று ஒரு குரல் தேடி நாங்களும் அலைந்திருக்கிறோம். சென்னையில் வித்யாசாகர் என்ற அமைப்பு 1985லிருந்து இருக்கிறது, பூனம் நடராஜன் தொடங்கியது, சிபி உள்ள வீடுகளில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அவர்களோடு சேர்ந்து வேலை செய்து, ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் சென்னையிலேயே உருவாக்கியதுதான் ‘ஆவாஸ்’, படத்தையோ சொல்லையோ தொட்டால் பேசும். அந்த மாதிரிச் செயலிகள் டேப்லட்டுக்கு வந்ததும் நான் ஓடிப்போய் ஒரு டேப்லட் வாங்கிவந்தேன். அண்ணன் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான், இன்றைக்கும் என் மகளோடு சண்டை போடுவது அதில்தான். ஆனால் அம்மாவிடம் மட்டும் அதைத் தொட மாட்டான், அட்டைதான். ஏன் என்று கேட்டேன். பதிலுக்குக் கால் மணி நேரம் ஆனது: டேப்லட்டில் பேசினால் அம்மா அடுப்படியில் இருந்தே பதில் சொல்கிறாளாம். அட்டை என்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாக வேண்டும்.

தொடரில் ரே என்று ஒரு தம்பி வருவான், நான் அவன் கட்சி. அண்ணனுக்குப் பள்ளி சரியில்லை என்றால் மொத்தக் குடும்பமும் மூட்டை கட்டும். ரேவுக்கு அப்போதுதான் ஒரு பெண் பேச்சுக் கொடுத்திருப்பாள், அதையெல்லாம் யார் கேட்பது. அவன் புலம்புவதை எல்லோரும் சிரிப்பாக்குவார்கள், ஆனால் புலம்ப விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட, ‘உனக்கு வாய் இருக்கு, வலிச்சா சொல்லிருவே’ என்பாள் அம்மா, அதோடு சரி. பின்னால் எனக்குப் பெண் பார்த்தபோது இரண்டு இடம் நல்லபடியாகப் பேசி முடிந்து, வீட்டுக்கு வந்து கூடத்தில் அண்ணனைப் பார்த்ததும் ‘ஜாதகம் இன்னொரு தடவை பார்க்கணும்’ என்று போனவர்கள் திரும்பவில்லை. மூன்றாவதாக வந்த பெண், அண்ணனிடம் நேராகப் போய் “என் பேர் தெரியுமா?” என்று கேட்டாள். அம்மா “அவனுக்குத் தெரியும்மா” என்று ஆரம்பித்ததும், “அவங்க சொல்லட்டும் அத்தை” என்றாள். அந்தப் பெயரில் ஐந்து எழுத்து. கூடத்தில் பதினெட்டு பேர், காபி ஆறிக்கொண்டிருந்தது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். விளம்பரம் போக 22 நிமிடத்தில் மூன்று சிரிப்பு, ஒரு சண்டை, ஒரு சமாதானம் என்று போகிற தொடரில் காத்திருப்பைக் காட்ட முடியாது. லேசர் புள்ளி அசைகிறது, அடுத்த நொடி கென்னத் வாக்கியத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். எங்கள் அட்டையில் அந்த வாக்கியத்துக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில்தான் எல்லாமே நடக்கிறது: குக்கர் விசில் அடிக்கும், போன் வரும், எதிரில் இருப்பவர் மெதுவாக வாட்சைப் பார்ப்பார், அண்ணன் அதைப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்ல” என்பதுபோல் கையை எடுத்துவிடுவான். அவன் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் எத்தனை இருக்கும் என்று நான் ராத்திரி சில சமயம் நினைப்பதுண்டு.

இன்னொன்று, உடம்பு. தூக்குவது, குளிப்பாட்டுவது, கால் கழுவிவிடுவது, ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது. தொடரில் மாயா கத்திக் களைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம், தூக்கிக் களைத்ததாக இல்லை. அம்மாவுக்கு 52 வயதில் முதுகில் டிஸ்க் நழுவியது. டாக்டர் இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தாள். ஆட்டோக்காரர்தான் ஓடிவந்து பிடித்தார். அன்றைக்கு ராத்திரிதான் அவள் அதைச் சொன்னாள், சிபி வீடுகளில் எல்லா அம்மாவும் ஒரு தடவையாவது சொல்வது: “நான் கண்ணை மூடறதுக்கு முந்தி அவன் போயிடணும்.” அடுப்படியில் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் வீடு சின்ன வீடு, அவனுக்குக் காது கூர்மை. மறுநாள் அட்டையில் என்னிடம் அவன் காட்டியதை நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

‘எனக்கப்புறம்’ என்பதற்கு அரசாங்கத்திடம் ஒரு தாள் இருக்கிறது. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், சிபி, ஆட்டிசம் மாதிரி குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலர் போடலாம் என்கிறது, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு முடிவு செய்யும். நானும் விண்ணப்பத்தை வாங்கி வந்தேன். எழுதும்போதுதான் உறைத்தது, கையெழுத்துப் போட வராததைத் தவிர இந்த ஆளுக்கு எந்த முடிவை எடுக்கத் தெரியாது? ஒரு வங்கியில் அவன் பெயரில் கணக்குத் தொடங்கப் போனபோது, மேலாளர் முழு நேரமும் அம்மாவைப் பார்த்து, “பையனுக்கு விவரம் புரியுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த வட்டி விகிதப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூட, அதனால் அம்மா பெயரிலேயே போடு என்று காட்டினான். விண்ணப்பம் இன்னும் பீரோவில் இருக்கிறது, நிரப்பாமல்.

மாயாவும் போகப்போக இதில்தான் வந்து மாட்டுகிறாள். கடைசி சீசனில் ஜேஜேவுக்குப் பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம். அவனுக்காக ஊரோடெல்லாம் சண்டை போட்டவள், இனிமேல் அவனிடமே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மினி டிரைவர் அந்த இடங்களில் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடுகிறார், அவ்வளவுதான். ‘பேச்சற்ற’ என்று அந்தத் தொடருக்குப் பெயர் வைத்தது பையனை நினைத்துத்தான் என்று 50 எபிசோடு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசி எபிசோடு முடிந்த ராத்திரி மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவ நல்ல பொம்பளைதான், என்ன, கொஞ்சம் சத்தம்” என்றாள். அண்ணன் தொண்டையில் சத்தம் காட்டினான். அட்டையை மடியில் வைத்தேன். அந்த வருஷம் பின்பக்கத்தில் பிள்ளையார்.

வ். ஆ. ய்.

“வாய் வலிக்குதாடா? பல்லா? சாயங்காலம் அந்த முறுக்கைக் குடுக்காதேன்னு நான் சொன்னேன்” என்று அம்மா எழுந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் கை அட்டைக்கு மேலே துள்ளியது, க்-கில் விழுந்தது, ‘தப்பு’ தட்டினான், மூச்சு வாங்கினான். அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, அடுத்த ஊகம் அங்கே தயாராக நின்றது, ஆனால் வெளியே வரவில்லை.

ஆ. ட். இ.

“வாயாடி” என்று நான் படித்தேன்.

அம்மா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரைச் சொல்றே? அவளையா, என்னையா?” என்றாள்.

அண்ணன் கையை அட்டைக்கு மேலே கொண்டுவந்தான். அம்மா குனிந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கை எந்த எழுத்துக்கும் போகவில்லை, மேலேயே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.